புதிதாக வேலை பார்த்த அம்பாசடர் எஞ்சினில் ஆயில் ஒழுகல்: ரியர் மெயின்தானா?

ஜனவரி 19, வாசகர் கேள்வி

அம்பாசடர் மார்க் 2, பெட்ரோல். போர் பண்ணி, கிராங்க் சைஸ் போட்டு, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசு. எஞ்சின் ஏத்தி ஒரு மாசம்கூட ஆகல, கிளட்ச் பக்கம் சொட்டுது. மெக்கானிக் அண்ணன் ‘இந்த எஞ்சினுக்குப் பின்னாடி ஆயில் சீலே கிடையாது, கம்பெனியிலயே அப்படித்தான் விட்டான், ஒழுகத்தான் செய்யும்’ என்கிறார். எனக்கும் அதுதான் சரின்னு படுது. நிறுத்துறேன்னு காசைக் கொட்டுறது வீண். மறுக்கிறவங்க மறுக்கலாம்.

ஜனவரி 19, இரவு

மறுக்கிறேன், பாதியை மட்டும். பின்னால் சீல் இல்லை என்பது உண்மை. ‘அதனால் ஒழுகத்தான் செய்யும்’ என்பதைத்தான் ஏற்க முடியாது.

இது 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ் எஞ்சின். கிராங்க், அதாவது எஞ்சினின் சுழல் தண்டு, மூன்று மெயின் பேரிங்கில் சுற்றும்; கடைசியில், கிளட்ச் பக்கம் இருப்பதுதான் ரியர் மெயின். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும் எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடிய அதே குடும்பம். கிராங்கின் பின்முனையில் மரை போல ஒரு சுருள் காடி வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுற்றும்போது, வெளியே வரப் பார்க்கும் ஆயிலை அந்தக் காடி உள்ளே திருப்பித் தள்ளும். சுற்றியுள்ள இரும்பை அது தொடாது, நடுவில் மயிரிழை இடைவெளிதான். ரப்பர் கிடையாது, அதனால் காய்ந்து வெடிக்கவும் எதுவும் கிடையாது. மோசமான ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். எம்ஜிஏ-வுக்குப் பின் வந்த எம்ஜிபி கார் 1964-ல் ஐந்து பேரிங் கிராங்குக்கு மாறியபோதுதான் அதற்கு ரப்பர் சீல் வந்தது.

ஆகவே என் கணக்கு இது. வண்டியை அணைத்த பிறகு ரெண்டு சொட்டு விழுந்தால் அது மெயினாக இருக்கலாம். காடி நின்றுவிட்டது, அங்கே தங்கியிருந்த ஆயில் வடிகிறது. எஞ்சின் ஓடும்போதே சொட்டிக்கொண்டிருந்தால் முதலில் வேறு இடம் பாருங்கள்.

சும்மா வாய்ப்பேச்சில்லை. என் வண்டியும் மார்க் 2தான். தீபாவளிக்கு முன் எஞ்சின் வேலை முடிந்தது, கோயம்புத்தூரிலேயே. அதுவும் கிளட்ச் பக்கம்தான் சொட்டுகிறது. ‘மறுபடி இறக்கிடலாம் சார்’ என்று பட்டறையில் சொன்னார்கள். வேண்டாம் என்று ஓட்டி வந்துவிட்டேன். தேடிப் பார்த்து, கிடைப்பதை இங்கேயே எழுதுகிறேன்.

ஜனவரி 20

முதலில் அட்டை. ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்திருக்கிறேன். முன்சக்கரம் ரெண்டும் நிற்கும் இடத்தைப் பேனாவால் கோடு போட்டு வைக்கவேண்டும், இல்லையென்றால் மறுநாள் எந்தக் கறை எதற்கு நேர் கீழே என்று தெரியாது. தேதியும் எழுதினால் நல்லது.

என் கறை பெல் ஹவுசிங்கின், அதாவது கிளட்சை மூடியிருக்கும் கூட்டின், அடியில் உள்ள துளைக்கு நேர் கீழே. அந்தத் துளையில் ஒரு ஸ்ப்ளிட் பின் தொங்கும். ஆடி ஆடித் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதன் நுனியில் ஒரு சொட்டைக் கண்டால் போதும், ‘மெயின் போச்சு’ என்று நம் ஊரில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஆனால் அங்கே வந்து சேர்கிற ஆயிலுக்குப் பல ஊர் உண்டு. ரியர் மெயின் ஒன்று. கியர்பாக்ஸின் முன்பக்கம் ஒன்று. எஞ்சினின் பின்முகத்தில் உள்ள பேக் பிளேட்டுக்குப் பின்னால் ஒளிந்து, பிளாக்குக்குள் ஓடும் ஆயில் வழியை அடைத்திருக்கும் கேலரி பிளக் ஒன்று. இது போக, மேலே எங்கே கசிந்தாலும் பிளாக்கின் வெளிப்பக்கமாக வழிந்து, ஃபேன் காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் பெல் ஹவுசிங் மடிப்பில் வந்து கூடிவிடும். சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு.

விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். என் கியர்பாக்ஸில் 90 கியர் ஆயில் ஊற்றியிருக்கிறது, அதன் கந்தக வாடை தனி. இது எஞ்சின் ஆயில்தான். கியர்பாக்ஸை விட்டுவிடலாம்.

ஜனவரி 24

இன்று குளிப்பாட்டினேன். டிஸ்ட்ரிபியூட்டருக்கும் கார்புரேட்டருக்கும் பாலித்தீன் கட்டி, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் காயவைத்தேன். எஞ்சின் சுத்தமாக இல்லாமல் கசிவு தேடுவது வீண் வேலை. எந்த ஈரம் பழசு, எந்த ஈரம் புதுசு என்று கடவுளுக்கும் தெரியாது.

காய்ந்ததும் முகப்பவுடர் டப்பாவைக் கவிழ்த்து இரண்டு பக்கமும் ஊதினேன். எஞ்சின் விபூதி பூசிய பண்டாரம் மாதிரி நின்றது. ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் ஒரு ரவுண்டு போய் வந்து பானட்டைத் திறந்தால், எஞ்சினின் உச்சியை மூடும் ராக்கர் கவரின் பின்மூலையிலிருந்து வெள்ளைப் பவுடரில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கிறது. கவரைத் தூக்கினேன். தக்கை பேக்கிங் ஒரு மூலையில் காடியை விட்டு விலகி உட்கார்ந்திருந்தது. அடியில் பழைய பசைக் கட்டி, சுரண்டாமலே மேலே புதுசை வைத்திருக்கிறார்கள். தகடும் நட்டுப் பக்கம் உள்வாங்கியிருந்தது. பலகையில் வைத்துத் தட்டி நேராக்கி, புது பேக்கிங் போட்டாயிற்று. அந்த ரெண்டு நட்டையும் இறுக்கித் தள்ளக் கூடாது. கீழே உள்ள ரப்பர் புஷ் லேசாகப் பிதுங்கும் அளவு போதும். மெல்லிய தகடு, இறுக்கினால் நடுவில் அமுங்கி ஓரம் தூக்கிக்கொள்ளும். இன்னும் இறுக்கினால் இன்னும் ஒழுகும்.

இன்னொன்று. டிப்ஸ்டிக் சரியாக உட்காரவில்லை. அழுத்திவிட்டால் கொஞ்ச நேரத்தில் எழும்பி நிற்கிறது. பிடிமானம் தளர்ந்திருக்கும் போல. அப்புறம் பார்க்கவேண்டும்.

ஜனவரி 25

‘அனாபாண்ட் பசை தடவிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடுமே சார்’ என்று கேட்டவருக்கு: பசை மேல் எனக்குப் பகை இல்லை. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சேம்பரின் இரண்டு முனையிலும், மெயின் கேப்பும் தக்கைப் பட்டையும் பக்கவாட்டு பேக்கிங்கும் சந்திக்கும் மூலையில் ஒரு பொட்டு வைக்கத்தான் வேண்டும். நான் சண்டை போடுவது, பல் விளக்கப் பேஸ்ட் எடுக்கிற அளவில் நீளமாகப் பிதுக்குகிறவர்களோடு. வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். உள்ளே பிதுங்கியது ஒருநாள் பிய்ந்து ஆயில் ஸ்ட்ரெய்னர் வலையில் போய் ஒட்டும். ஒழுகலை நிறுத்தப் போய் பேரிங்கைப் பட்டினி போடுவதா?

பழைய ஆட்கள் ஷெல்லாக் என்ற அரக்குப் பசையைத் தடவுவார்கள். தக்கைக்கு அது போதும். மறுபடி பிரிக்கும்போது ஸ்பிரிட் விட்டால் கழன்று வரும்.

பிப்ரவரி 1

ராக்கர் கவர் காய்ந்தே இருக்கிறது. அட்டையில் கறை குறையவில்லை. சரி, அடுத்தது டேப்பட் கவர்.

இந்த எஞ்சினை அறியாதவர்களுக்காக: மேனிஃபோல்டுக்கு அடியில், பிளாக்கின் பக்கவாட்டில் ரெண்டு தகட்டு மூடி இருக்கும். அதற்குப் பின்னால்தான் வால்வுகளை இயக்கும் டேப்பட்டும் புஷ் ராடும். மேலே ராக்கரிலிருந்து இறங்கி வருகிற ஆயிலெல்லாம் அந்த அறை வழியாகத்தான் சேம்பருக்குப் போகும். மூடி ஒவ்வொன்றையும் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு போல்ட். நீளமான தகடு, சுற்றிலும் தக்கை, நடுவில் மட்டும் பிடிப்பு. இதை வரைந்தவர் அந்த மூடியைத் தன் கையால் ஒருநாளும் கழற்றியிருக்கமாட்டார்.

பின் மூடி எக்ஸாஸ்டுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதையும் டார்ச்சையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தால் மூடியின் கீழ் ஓரம் முழுக்கப் பளபளவென்று ஈரம். மேனிஃபோல்டைக் கழற்றாமல் கைவிட்டுப் பார்க்கலாம் என்று முயன்றதில் முழங்கையில் தோல் போனதுதான் மிச்சம். கழற்றினேன்.

போல்ட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கியிருக்கிறார்கள். மூடி தட்டு மாதிரி குழிந்திருந்தது. சென்னை புதுப்பேட்டையிலிருந்து வரவழைத்த பேக்கிங் செட்டில் தக்கை இருந்தது, ஆனால் பல வருஷம் கடையில் தொங்கிக் காய்ந்து சுருங்கியதால் மூடியைவிடக் குட்டையாக இருந்தது. இழுத்தால் ஒடியும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப் போட்டால் தக்கை பழைய அளவுக்கு வந்துவிடும், வளைத்தாலும் ஒடியாது. துடைத்து, மூடிப் பக்கம் மட்டும் ஷெல்லாக் தடவி ஒட்டி, பிளாக் பக்கம் கொஞ்சம் கிரீஸ். போல்ட் தலைக்கு அடியில் உள்ள வாஷரையும் மாற்றவேண்டும். பல பேர் பேக்கிங்கை மாற்றிவிட்டு அதை விட்டுவிடுவார்கள், பிறகு போல்ட் வழியாகவே வழியும்.

முன் மூடியிலிருந்து கீழே இறங்கும் குழாய்தான் எஞ்சினின் பிரீதர், உள்ளே சேரும் காற்று வெளியேறும் வழி. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று மூடியோடு அப்படியே திரும்ப மாட்டினேன்.

பிப்ரவரி 2

முன்பக்கம், டைமிங் செயினை மூடும் டைமிங் கவரில் ஒழுகுகிறது என்று எழுதியவருக்குச் சுருக்கமாக. கவரை மாட்டும்போது போல்ட்டுகளை விரலால் மட்டும் ஏற்றி, கிராங்க் புல்லியைச் சீலுக்குள் விட்டுக் கவரை நடுவுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு இறுக்கவேண்டும். முதலில் கவரை இறுக்கிவிட்டுப் புல்லியை அடித்து ஏற்றினால் சீல் ஒருபக்கமாக நசுங்கி ஒரு மாதத்தில் ஒழுகும். உள்ளே இருக்கும் ஆயில் தெறிப்புத் தட்டை மாற்றிப் போட்டாலும் ஒழுகும். அதில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அந்தப் பக்கம் வெளியே பார்க்கவேண்டும். புல்லி கழுத்தில் சீல் உரசிய பள்ளம் விரல் நகத்தில் தட்டுகிறதா என்றும் பாருங்கள்.

என் வண்டியில் அந்தப் பக்கம் காய்ந்திருக்கிறது.

பிப்ரவரி 3

ஆயில் ஃபில்டர் பற்றியும் யாரோ கேட்டார்கள். கிண்ணத்துக்குள் காகித எலிமென்ட் போடும் வகை என்றால், மேலே காடியில் உட்காரும் ரப்பர் வளையத்தைக் கவனியுங்கள். பழையது கறுத்துக் காடியோடு காடியாகக் கிடக்கும், கண்ணுக்கே படாது. அதன்மேல் புதுசை வைத்தால் ரெண்டும் சேர்ந்து ஒன்றையும் அடைக்காது. ஊசியால் குத்தித் தூக்கிப் பாருங்கள். இந்த ஒழுகல் சொட்டாக வராது, பீய்ச்சும். அதனால் உடனே தெரிந்துவிடும்.

பிப்ரவரி 8

டேப்பட் கவர் புது பேக்கிங்கோடு மறுபடி ஈரம். கோபத்தில் ரெண்டு நாள் பானட்டைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 9

ஒரு தம்பி தனியாக எழுதியிருந்தார்: ‘அண்ணா, ஏசி மெக்கானிக் போடற மாதிரி ஆயில்ல ஒளிர்ற சாயம் ஊத்திப் பாருங்க.’ நல்ல யோசனை. எஞ்சின் ஆயிலுக்கென்றே கிடைக்கிறது. சின்னக் குப்பி. ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, ராத்திரி ஷெட் விளக்கை அணைத்துவிட்டு, கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா டார்ச்சை அடித்தேன்.

ஒரு இடத்தில் மஞ்சள் பச்சையாக ஒளிரும் என்று எதிர்பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒளிர்ந்தது. டேப்பட் மூடி ரெண்டிலும் ஓரம் முழுக்க. காய்ந்திருக்கிறது என்று பிப்ரவரி 2-ல் நான் நற்சான்று கொடுத்த டைமிங் கவரின் அடியில் ஒரு மெல்லிய கோடு. டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடத்தில் ஒரு வளையம். சேம்பர் ஓரத்தில் அங்கங்கே புள்ளி. டிப்ஸ்டிக் துளையைச் சுற்றி நல்ல பிரகாசமாக ஒரு வட்டம்.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தேன். புதுசாகப் போட்ட எல்லா பேக்கிங்கும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது. எல்லாம் சேர்ந்து கசிகிறது என்றால் உள்ளேயிருந்து எதுவோ தள்ளுகிறது. ஜனவரி 24-ல் டிப்ஸ்டிக் எழும்பி நிற்கிறது என்று எழுதி, பிடிமானம் தளர்ந்திருக்கும் என்று விட்டிருந்தேன். பிடிமானம் ஒன்றும் தளரவில்லை. அதை அடியிலிருந்து காற்று தூக்குகிறது.

பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டி எஞ்சினின் அடிப்பகுதிக்கு இறங்கும் காற்றின் அழுத்தம்.

பிப்ரவரி 10

காலையில் முதல் வேலையாக, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டு அந்த வாயில் ஒரு ரப்பர் கையுறையைக் கட்டி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். சாதாரண மருத்துவக் கையுறைதான். நல்ல எஞ்சினில் அது தொங்கியபடி லேசாகத் துடிக்கும். இது ஐந்து விரலையும் விறைத்துக்கொண்டு எழுந்து எனக்கு ஆசீர்வாதம் பண்ணியது. அணைத்துவிட்டேன்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் காற்று கீழே இறங்குவது எல்லா எஞ்சினிலும் உண்டு. புதுசாகப் போர் பண்ணிய எஞ்சினில் ரிங் இன்னும் பதியாததால் கூடுதலாகவே இறங்கும். அந்தக் காற்று வெளியே போக இந்த எஞ்சினில் ரெண்டு வழி. ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ஹோஸ் ஒன்று, முன் டேப்பட் மூடியிலிருந்து கீழே இறங்கும் பிரீதர் குழாய் ஒன்று.

முதல் வழி: எஞ்சின் வேலையின்போது ஏர் கிளீனரை வேறு மாடல் போட்டார்கள், அதில் ஹோஸ் மாட்ட இடமில்லை. ராக்கர் கவரில் உள்ள நிப்பிளுக்கு அழகாக ஒரு ரப்பர் மூடி போட்டு அடைத்துவிட்டார்கள். நானும் ‘நீட்டா இருக்கே’ என்றுதான் பார்த்தேன்.

இரண்டாவது வழி: பிரீதர் குழாயின் அடியில் விரலை விட்டால் ஒரு கணுவுக்கு மேல் போகவில்லை. கெட்டியாக ஏதோ இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், செம்மண் உதிர்ந்தது. குளவிக் கூடு! எஞ்சின் பிரித்துக் கிடந்த மாதங்களில், கிராங்க் லேத்துக்குப் போய்த் திரும்பி வரும் வரை, இந்த மூடி குழாயோடு சேர்ந்து ஷெட் அலமாரியில் கிடந்தது. குளவிக்கு அதைவிட நல்ல வீடு எங்கே கிடைக்கும்? மூடியைக் கழற்றிக் கம்பி விட்டு இடித்தேன். மண் அறை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. உடைத்தால் உள்ளே காய்ந்த சிலந்திகள் அடுக்கி வைத்திருக்கின்றன, குஞ்சுக்கு எடுத்து வைத்த சாப்பாடு. குழாயின் மேல் பாதியில் ஆயில் ஊறி மண் கல்லாகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு எடுக்கவேண்டியிருந்தது.

எஞ்சின் கழுவும்போது எல்லாத் துளையிலும் காற்றடித்துப் பார்ப்பார்கள். வெளியே தொங்கும் குழாயை யார் பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 12

ஜனவரி 19 அன்று எழுதியதில் ஒரு திருத்தம் சேர்க்கவேண்டும். ‘ஓடும்போது சொட்டினால் மெயின் இல்லை’ என்ற கணக்கு, எஞ்சினுக்குள் அழுத்தம் இல்லாதபோது மட்டும்தான் செல்லும். சுருள் காடி ஆயிலைத் திருப்பித் தள்ளுமே தவிர, காற்றுக்கு அடைப்பில்லை. உள்ளே காற்று நெருக்கினால் காடியைத் தாண்டி அதே இடைவெளி வழியாக ஆயிலையும் கூட்டிக்கொண்டு வெளியே வரும், எஞ்சின் ஓடும்போதுதான் அதிகமாக வரும். இந்த எஞ்சினுக்கு பிரீதர்தான் சீல். அது அடைபட்டால் புது கிராங்க், புது பேரிங் எது போட்டாலும் ஒழுகும். ‘சீல் இல்லை, ஒழுகும்’ என்று சொன்ன எத்தனை மெக்கானிக்குகள் அந்தக் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்திருப்பார்கள்?

ஏர் கிளீனர் பழைய மாடலே கிடைத்துவிட்டது. ஹோஸ் மாட்டியாயிற்று. கொஞ்சம் கெட்டி ஹோஸாகப் போடுங்கள், மெல்லியது சூட்டில் நசுங்கி மறுபடி அடைத்துக்கொள்ளும்.

கையுறையை மறுபடி கட்டிப் பார்த்தேன். தொங்குகிறது. லேசாகத் தலையாட்டுகிறது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 13

ரிங் பதிய வைப்பது பற்றி நேற்று ரெண்டு பேர் கேட்டார்கள். என் அபிப்பிராயம் பட்டறைகளில் சொல்வதற்கு நேர் எதிர். ‘40-க்கு மேல் போகாதீங்க, வீட்டிலயே ஐடிலில் ஓட விடுங்க’ என்பார்கள். போர் சுவரில், அதாவது சிலிண்டரின் உள்சுவரில், ஹோனிங் கல்லால் தேய்த்துப் போட்ட குறுக்குக் கோடுகள் இருக்கிறதே, ரிங் அதில் உரசித்தான் தன் வடிவத்துக்கு வரும். அதற்கு ரிங்கைச் சுவரோடு அழுத்தவேண்டும். அழுத்துவது எரிப்பின் அழுத்தம். ஐடிலில் அது இருக்காது. மணிக்கணக்கில் ஐடிலில் விட்டால் சுவர் கண்ணாடியாகிவிடும், பிறகு ரிங் பதியவே பதியாது, பேக் கம்ப்ரஷன் நிரந்தரமாகும். அதற்காக விரட்டவும் கூடாது. நான் ஆனைகட்டி ரோட்டில் ஏற்றத்தில் கியரை மாற்றாமல் ஆக்ஸிலரேட்டரைக் கொடுப்பேன், இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு எஞ்சினையே பிரேக் பிடிக்க விடுவேன். ஏற்றத்தில் அழுத்தம், இறக்கத்தில் போர் சுவருக்கு ஆயில். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போவதைத் தவிர்ப்பேன். ஆயில் 20டபிள்யூ50, முதல் மாற்றம் சீக்கிரம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ‘அம்பாசடருக்கு ஆனைகட்டி என்னய்யா, அது ஊட்டிக்கே கல்யாண கோஷ்டியோட போகும்’ என்றார். போகும்தான். 73 மில்லிமீட்டர் போருக்கு (சிலிண்டரின் அகலம்) 89 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). வேகம் வராது, இழுவை உண்டு.

பிப்ரவரி 22

அட்டையில் கறை பெரும்பாலும் போய்விட்டது. பெரும்பாலும். அவினாசி ரோட்டில் நல்ல வேகத்தில் போய் வந்த நாளில் மட்டும் பெல் ஹவுசிங் ஸ்ப்ளிட் பின்னில் மறுபடி ஒரு சொட்டு. ஊருக்குள் ஓட்டினால் இல்லை. ஐடிலில் எவ்வளவு நேரம் விட்டாலும் இல்லை.

வேகத்தில் மட்டும் வருகிறது என்றால் ஆயில் பிரஷர் உள்ள இடம். தற்காலிகமாக மாட்டியிருக்கும் கேஜில் ஓட்டத்தில் 50 பவுண்டு காட்டுகிறது, சூடான ஐடிலில் அதில் பாதிகூட இல்லை. பிரஷர் உள்ள இடங்கள் வெளியே கொஞ்சம்தான்: ஃபில்டர், கேஜ் குழாய், பிரஷர் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வ். பேக் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள கேலரி பிளக் பாக்கி. அது என்றால் எஞ்சின் இறங்கவேண்டும். அதைக் கடைசியாக வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 23

ஊதா டார்ச் மறுபடி. ரிலீஃப் வால்வின் டோம் நட்டிலிருந்து ஒரு பச்சைக் கோடு கிளம்பி, பிளாக்கின் பின்மூலையில் இறங்கி, பெல் ஹவுசிங் மடிப்புக்குள் போய் மறைகிறது. இவ்வளவு நாளும் மற்ற ஒளியெல்லாம் இதை மறைத்திருந்தது.

நட்டைக் கழற்றும்போது கீழே கையை ஏந்திக்கொள்ளுங்கள். உள்ளே ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் இருக்கின்றன, குதித்து ஓடினால் ஷெட் முழுக்கத் தேடவேண்டும். வாஷர் செம்பு. பழசையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும், மறுபடி நசுங்கிக் கொடுக்காது, எவ்வளவு இறுக்கினாலும் ஒரு மெல்லிய வழி விட்டே வைக்கும்.

புது வாஷர் கிடைக்கும்வரை: கம்பியில் கோத்து கேஸ் அடுப்பில் காட்டினேன். முதலில் வானவில் நிறம் ஓடியது, அப்புறம் மங்கி, மங்கிய சிவப்பு ஏறியது. அப்படியே தண்ணீரில் போட்டேன். சொய்ங் என்றது. கறுப்புப் படலத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்ததும் பழைய பத்துப் பைசா மாதிரி இருந்த வாஷர் விரலில் லேசாக வளைகிற அளவு இளகியிருந்தது. இரும்பைச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் இறுகும், செம்பு இளகும். ‘சமையல் அடுப்பில் என்ன பண்றீங்க’ என்ற கேள்விக்கு இதையே பதிலாகச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

மார்ச் 2

அவினாசி வரை போய் வந்தேன். ஸ்ப்ளிட் பின் காய்ந்திருக்கிறது. அணைத்து ஒரு மணி நேரம் கழித்து ஒரே ஒரு சொட்டு. அது மெயின். அந்த ஒரு சொட்டுக்காக நான் எஞ்சினை இறக்கமாட்டேன்.

பின்னால் ரப்பர் சீல் போடும் கிட் பற்றிக் கேட்டவருக்கு: எம்ஜிஏ-காரர்களுக்காக இங்கிலாந்தில் விற்கிறார்கள். ஆனால் அதைப் போடுவதற்குக் கிராங்க் பின்முனையில் வேலை செய்யவேண்டும். காடியைத் தேய்த்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. சீல் கெட்டால் மறுபடி எஞ்சின் இறங்கும். பிரீதர் திறந்திருக்கிற எஞ்சினுக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி.

மார்ச் 9

முதல் கேள்வி கேட்டவர் கையுறை வைத்துப் பார்த்தாராம். உப்பவில்லை. பிரீதர் சுத்தம், ஹோஸ் சரியாக இருக்கிறது. ‘இப்ப என்ன சொல்றீங்க?’ என்கிறார். ஐடிலிலும் சொட்டுகிறது, வேகத்தில் நீளமாக வழிகிறது, பிளாக்கின் வெளிப்பக்கம் டோம் நட்டு உட்பட எல்லாம் காய்ந்திருக்கிறது, ஈரம் பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயிருந்துதான்.

அப்படியானால் நான் கடைசியாக வைத்திருந்ததை நீங்கள் முதலில் பார்க்கவேண்டும். கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல், பேக் பிளேட் கழற்றி, கேலரி பிளக். கிராங்க் வேலைக்குப் பிளாக் போகும்போது லேத் பட்டறையில் ஆயில் வழியைக் கழுவுவதற்காக அந்தப் பிளக்கை எடுத்திருப்பார்கள். திரும்ப அடித்தது சரியாக உட்காராமல் இருந்தால், அதன் பின்னால் முழு ஆயில் பிரஷர் நிற்கிறது. பேக் பிளேட் வந்ததும் எதையும் துடைக்காதீர்கள். டார்ச் அடித்து, ஈரம் எங்கே தொடங்குகிறது என்று படம் எடுத்துவிட்டுத் துடையுங்கள்.

மார்ச் 17

படம் அனுப்பியிருக்கிறார். பித்தளைப் பிளக்கைச் சுற்றிப் பளபளவென்று வட்டம், அங்கிருந்து கீழே கோடு. மெயின் கேப் பக்கம் தூசி ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது. புதுப் பிளக் அடிக்கும்போது துளையைத் துளி ஆயில் இல்லாமல் துடைத்துவிட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே, பிரித்தது பிரித்ததுதான், கிளட்ச் பிளேட்டில் ஆயில் ஊறியிருந்தால் பெட்ரோலில் கழுவி மிச்சம் பிடிக்காமல் புதுசே போட்டுவிடச் சொன்னேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.